அட்டையில் பதினான்கு நாள், கையில் ஒன்றரை நாள்

கேள்வி: அண்ணா, வணக்கமுங்க. எனக்குத் திருச்செங்கோடு பக்கம். போர்வெல் வண்டியில் டிரில்லராக இருக்கிறேன். இப்போது தான்சானியாவில், தபோரா பக்கத்துக் காட்டு ஊர்களில் போர் போட்டுக்கொண்டிருக்கிறோம். துளை போடும் ரிக் வண்டி ஒன்று, காற்றழுத்தம் கொடுக்கும் கம்ப்ரசர் வண்டி ஒன்று. போன் டவர் கிடைக்காத இடம் என்பதால் கம்பெனியே அங்கே உரிமம் வாங்கி, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கார்மின் இன்ரீச் மினி 2 கருவி ஒன்றைக் கொடுத்திருக்கிறது. வாங்கி இரண்டரை வருடம் ஆகிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இருக்கும் இடத்தை அனுப்பும்படி வைத்திருக்கிறோம். அட்டையில் பதினான்கு நாள் சார்ஜ் நிற்கும் என்று போட்டிருக்கிறது, எனக்கு ஒன்றரை நாள்கூட நிற்பதில்லைங்க. வேலை நேரத்தில் பேண்ட் பாக்கெட்டில் இருக்கும், வண்டி ஓடும்போது சீட்டுக்கு அடியில் டூல்ஸ் பெட்டியில் இருக்கும், ராத்திரி தகரக் கொட்டகைக்குள் ஆணியில் தொங்கும். வீட்டில் மேப்பில் புள்ளி நகரவில்லை என்றால் பயந்துகொண்டு மெசேஜ் மேல் மெசேஜ் போடுகிறார்கள். பேட்டரி போய்விட்டதா? பெரிய பவர் பேங்க் வாங்கினால் சரியாகுமா? இல்லை, அணைத்தே வைத்துவிட்டு ஆபத்துக்கு மட்டும் போட்டுக்கொள்ளலாமா? இன்னொன்றுங்க, தை மாதம் லீவுக்கு வருகிறேன். மாசியில் வெள்ளியங்கிரி ஏறவும் அப்படியே பர்கூர் மலைக்குப் போகவும் திட்டம். இதைக் கையோடு கொண்டுவந்தால் உதவுமே?

பதில்: தம்பி, கடைசியாகக் கேட்டதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கருவியை இந்தியாவுக்குக் கொண்டுவராதீர்கள். அணைத்து, பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவில் வைத்தும் கொண்டுவராதீர்கள். செயற்கைக்கோள் வழியாகப் பேசுகிற, செய்தி அனுப்புகிற கருவியை அரசு உரிமம் இல்லாமல் கையில் வைத்திருப்பதே இங்கே குற்றம். 1933-ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டத்திலிருந்து தொடர்ந்து வருகிற விதி இது. 2008-இல் மும்பையைத் தாக்க வந்தவர்கள் செயற்கைக்கோள் போன் வைத்திருந்தார்கள் என்பதால் அதற்குப் பிறகு கெடுபிடி இன்னும் அதிகம். இதே இன்ரீச் கருவியோடு வந்த வெளிநாட்டுப் பயணி ஒருவர் கோவா விமான நிலையத்தில் பிடிபட்டிருக்கிறார். உங்கள் கம்பெனி வாங்கிய உரிமம் தான்சானியாவுக்கு மட்டும்தான். கோவை பீளமேடு விமான நிலையத்தில் இறங்கி அந்தக் காகிதத்தைக் காட்டினால் யாரும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். லீவு முழுக்க வக்கீல் வீட்டுக்கு அலைய வேண்டிவரும்.

வெள்ளியங்கிரிக்கு இது தேவையும் இல்லை. மாசி, பங்குனியில் அங்கே தனியாக மாட்டிக்கொள்கிற அளவுக்கு ஆளில்லாமல் இருப்பதில்லை. ஏழு மலை ஏறும்போது வருகிற ஆபத்து நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலும்தான். கூட அப்பாவையோ மாமாவையோ கூட்டிப்போவதாக இருந்தால் கிளம்புவதற்கு முன் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். பர்கூர் பக்கம் காட்டுக்குள் போவதாக இருந்தால் வனத்துறை அனுமதியோடு, அவர்கள் அனுப்பும் வழிகாட்டியோடு போங்கள். 2024 அக்டோபரில் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் 40 பாதைகளை முறைப்படி திறந்திருக்கிறார்கள். கொங்கு மலைகளிலும் பாதைகள் உண்டு. எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். போனை ஏரோப்பிளேன் மோடில் வையுங்கள். ஆழியாற்றில் கிளம்பி 40 கொண்டை ஊசி வளைவும் ஏறி வால்பாறை சேர்வதற்குள், யாரோடும் பேசாமலேயே போனில் சார்ஜ் இறங்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். டவர் கிடைக்காத போன் டவரைத் தேடித் தேடியே சார்ஜைத் தின்றுவிடும்.

உங்கள் இன்ரீச்சில் நடப்பதும் அதேதான். வெளிநாட்டு நில அளவைக் குழுக்களுக்குத் தொலைத்தொடர்புக் கருவிகளைப் பராமரித்துவிட்டு, இப்போது கோவையில் பேட்டரி பேக் வடிவமைக்கும் வேலையில் இருக்கிறேன். சார்ஜ் நிற்கவில்லை என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் பேட்டரியைத்தான் குற்றம் சொல்கிறார்கள். உங்கள் விஷயத்தில் அது பேட்டரியாக இருக்க முடியாது என்பதைக் கணக்குப் போட்டே காட்டிவிடலாம்.

பதினான்கு நாள் நிற்க வேண்டும் என்றால் ஒரு நாளைக்கு ஏழு சதவீதம் இறங்க வேண்டும். உங்களுக்கு ஒன்றரை நாளில் தீர்கிறது, அதாவது நாளுக்கு அறுபத்தைந்து சதவீதத்துக்கு மேல். ஒன்பது மடங்கு வேகம். இரண்டரை வருடப் பேட்டரி வெயிலில் கிடந்து மூன்றில் ஒரு பங்கு கொள்ளளவை இழந்திருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானாலும் பதினான்கு நாள் ஒன்பது நாளாகும். ஒன்றரை நாளாகாது. மிச்சம் ஏழரை நாளை வேறு ஏதோ தின்கிறது.

தின்பது வானம் தெரியாத இடம். பேண்ட் பாக்கெட், இரும்புப் பெட்டி, தகரக் கூரை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு நாளின் இருபத்து நான்கு மணி நேரமும் அதில் வந்துவிட்டது. அந்தக் கருவி வெட்டவெளியில் வானத்தைப் பார்த்து இருக்கும் நேரம் என்று எதுவுமே இல்லை.

இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் மீதியை நீங்களே பிடித்துக்கொள்வீர்கள். இன்ரீச் பேசுவது இரிடியம் என்ற செயற்கைக்கோள் கூட்டத்தோடு. மொத்தம் 66, சுமார் 780 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. வீட்டு டிஷ் பார்க்கிற செயற்கைக்கோள்போல ஒரே இடத்தில் நிற்பவை அல்ல. ஒன்று ஒரு பக்கம் எழுந்து, தலைக்கு மேலாகவோ பக்கவாட்டாகவோ கடந்து, பத்து நிமிடத்துக்குள் மறுபக்கம் இறங்கிவிடும். நீங்கள் ஒரு செய்தி அனுப்பினால் கருவி முதலில் அப்போது மேலே இருக்கும் செயற்கைக்கோளைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு செய்தியை அனுப்ப வேண்டும், வந்து சேர்ந்தது என்று அங்கிருந்து பதில் கேட்க வேண்டும். வெட்டவெளியில் இதெல்லாம் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், கருவியும் தூங்கப் போய்விடும். பதில் வரவில்லை என்றால் மறுபடி அனுப்பும், அப்புறம் இன்னொரு முறை. போதாததற்கு ஜிபிஎஸ் வேறு. அந்தச் செயற்கைக்கோள்கள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. அவற்றின் சிக்னல் இங்கே வந்து சேரும்போதே நூலிழையாகத்தான் இருக்கும். அவற்றின் பாதை விவரத்தைப் புதிதாக வாங்க, நல்ல சிக்னல் இருந்தாலே அரை நிமிடம் இடைவிடாமல் கேட்க வேண்டும். சிக்னல் நடுவில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. தூங்க வேண்டிய கருவி முழிப்பாகவே கிடக்கிறது.

ராத்திரிக் கொட்டகையை நினைத்துப் பாருங்கள். சாயங்காலம் டிராக்கிங்கை, அதாவது இடத்தை அனுப்பிக்கொண்டே இருப்பதை, நிறுத்தாமல் உள்ளே வந்து ஆணியில் மாட்டுகிறீர்கள். கடைசியாக வீட்டுக்கு அனுப்பிய மெசேஜ் இன்னும் போகாமல் நிற்கிறது. மேலே தகரம், மூன்று பக்கமும் தகரம். நீங்கள் தூங்குகிறீர்கள், அது தூங்குவதில்லை. காலையில் எழுந்து பார்த்தால் பாதி சார்ஜ் காணோம். படுக்கும் முன் திரையில் ஒரு நிமிடம் பாருங்கள். அனுப்பப்படாத செய்தி ஏதாவது நிற்கிறதா என்று தெரியும். நின்றால் வெளியே எடுத்துப்போய் அனுப்பிவிடுங்கள், அல்லது நீக்கிவிடுங்கள். பிறகு டிராக்கிங்கை நிறுத்தி, கருவியை அணைத்துவிட்டுப் படுங்கள். எட்டுப் பேர் பக்கத்தில் படுத்திருக்கும் முகாமில் ராத்திரி முழுக்கப் புள்ளி அனுப்பி யாருக்கும் பிரயோஜனம் இல்லை. இந்த ஒன்றைச் செய்தாலே உங்கள் ஒன்றரை நாள் இரட்டிப்பாகும் என்று நம்புகிறேன்.

பாக்கெட்டும் தகரத்துக்குச் சளைத்தது அல்ல. மனித உடம்பு பெரும்பாலும் உப்புத் தண்ணீர். இந்த அலைவரிசையை அது நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். தொடைக்கும் துணிக்கும் நடுவில் இருக்கும் கருவிக்குப் பாதி வானம் ஏற்கெனவே போய்விட்டது. உட்கார்ந்தால் மீதியும் போச்சு. மினி 2-இன் ஆன்டெனா அதன் தலைப்பக்கம் இருக்கும் குமிழில் இருக்கிறது. அந்தக் குமிழ் மேல்நோக்கி, மறைப்பில்லாமல் இருக்க வேண்டும். அதனால் சட்டையின் தோள்பட்டையிலோ, ரிஃப்ளெக்டர் ஜாக்கெட்டின் தோள்பட்டியிலோ கிளிப் போட்டு மாட்டுங்கள். ரிக் ஓடும்போது தண்ணீரும் சகதியும் அடிக்கிற இடத்தில் நிற்பவர் என்றால், கழற்றி, ரிக்கின் உயரக் கம்பமான மாஸ்டிலிருந்து பத்திருபது அடி தள்ளி ஒரு பிளாஸ்டிக் கேன் மேல் நிமிர்த்தி வைத்துவிடுங்கள். வெயில் படாமல் மேலே ஒரு துணி போடலாம். துணியும் பிளாஸ்டிக்கும் இந்தச் சிக்னலைத் தடுப்பதில்லை. தடுப்பவை இரும்பு, கான்கிரீட், உடம்பு, ஈர இலை.

வண்டி ஓடும்போது டூல்ஸ் பெட்டி கூடவே கூடாது. டேஷ்போர்டின் கண்ணாடி ஓரத்தில், குமிழ் மேலே இருக்கும்படி பொருத்துங்கள். லாரியின் முன்கண்ணாடி பெரியது, முன்பக்க வானம் நன்றாகத் தெரியும். கீழே இரும்பு இருப்பதில் கெடுதல் இல்லை, மேலே இருப்பதுதான் பிரச்சினை. ஆனால் வண்டியை நிறுத்தியதும் எடுத்துவிடுங்கள். அதற்கு வேறு காரணம், பின்னால் சொல்கிறேன்.

இந்தக் கருவியைப் பற்றிப் படிக்கிறவர்கள் பலரும் கவனிக்காத ஒரு சங்கதி உண்டு. தபோரா பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஐந்து டிகிரியில் இருக்கிறது. இரிடியம் செயற்கைக்கோள்கள் ஆறு வரிசையாக, வடதுருவத்துக்கும் தென்துருவத்துக்கும் பக்கமாகவே சுற்றுகின்றன. அரசாணிக்காயின் (பரங்கிக்காயின்) வரிகளைப் பாருங்கள், காம்புப் பக்கம் நெருங்கியும் நடுவயிற்றில் அகன்றும் இருக்கும். இதுவும் அப்படித்தான். பூமியின் நடுவயிற்றில் ஒரு வரிசைக்கும் அடுத்ததற்கும் பெரும்பாலும் 3,000 கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி. அலாஸ்காவிலோ நார்வேயிலோ இருப்பவருக்கு ஒரே நேரத்தில் மூன்று நான்கு செயற்கைக்கோள் தெரியும். ஒன்றை மலை மறைத்தால் இன்னொன்று கிடைக்கும். உங்களுக்குப் பெரும்பாலும் ஒன்று, சில சமயம் இரண்டு. அந்த ஒன்றும் தலைக்கு மேல் வராமல் அடிவானத்துக்குப் பக்கமாகப் போனால், நடுவில் நிற்கும் மரமும் வண்டியும் மறைத்துவிடும். ஆகவே குளிர்நாட்டில் இருந்துகொண்டு "பையின் மேல்பாக்கெட்டில் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள்" என்று எழுதுகிறவர்களின் அனுபவம் உங்களுக்குப் பொருந்தாது. நம் பக்கத்து அட்சரேகையில் வானத்துக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக மரியாதை கொடுக்க வேண்டும்.

அந்தப் பதினான்கு நாளும் வானம் முழுக்கத் திறந்திருந்தால் என்ற நிபந்தனையோடு சொன்னதுதான். மிதமான மரநிழல் இருந்தாலே தயாரித்தவர்கள் கணக்கிலும் அது பாதிக்கும் கீழே போய்விடுகிறது. உங்களைச் சுற்றி இருப்பது மியோம்போ காடு. வறண்ட மாதங்களில் இலை உதிர்ந்து வானம் தெரியும். மழை தொடங்கி இலை அடர்ந்ததும் அதே இடத்தில் சார்ஜ் வேகமாக இறங்குவதைப் பார்ப்பீர்கள். மழைத்துளி இந்தச் சிக்னலை ஒன்றும் செய்யாது, நனைந்த இலைதான் குடிக்கும். அந்தக் காலத்தில் மெசேஜ் அனுப்ப வேண்டுமானால் போர் போடுவதற்காக வெட்டித் திறந்த இடத்தின் நடுவிலிருந்து அனுப்புங்கள்.

அடுத்தது கருவியின் அமைப்புகள் (செட்டிங்ஸ்). இதில் இரண்டை மட்டும் பாருங்கள். ஒன்று, பாதையை எவ்வளவு நுணுக்கமாகப் பதிய வேண்டும் என்ற தெரிவு. அது விரிவான பதிவில் இருந்தால் ஜிபிஎஸ் ஓய்வே இல்லாமல் ஓடும். நீங்கள் மலை ஓட்டப் பந்தயம் ஓடவில்லை, சாதாரணப் பதிவு போதும். இது தெரியாமல் மாறிக்கிடந்து சார்ஜைக் குடித்துக்கொண்டிருந்த கருவிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, இடத்தை அனுப்பும் இடைவெளி. பத்து நிமிடத்தை முப்பதாக்கினால் திறந்த வானத்தில் முப்பது நாள் வரை நிற்கும் என்பது தயாரித்தவர்கள் கணக்கு. கம்பெனியிடம் பேசிப் பாருங்கள். காட்டுப்பாதையில் ரிக் வண்டி அரை மணி நேரத்தில் எவ்வளவு தூரம் போய்விடும்? தேடி வருகிறவர்களுக்கு அந்தப் புள்ளிகள் போதும். ஒரே இடத்தில் இரண்டு மூன்று நாள் நின்று போர் போடும்போது டிராக்கிங்கே வேண்டாம். போய்ச் சேர்ந்ததும் ஒரு மெசேஜ், கிளம்பும்போது ஒரு மெசேஜ் போதும்.

புளூடூத்தை அணை, திரை வெளிச்சத்தைக் குறை, சத்தத்தை நிறுத்து என்றும் பலர் சொல்வார்கள். செய்யலாம், தப்பில்லை. அதில் கிடைப்பது கொஞ்சம்தான். அந்தக் குட்டிப் பட்டன்களை அழுத்தி அழுத்தி ஒரு வரி எழுதுவதைவிட, போனோடு இணைத்துத் தட்டச்சு செய்து அனுப்பிவிட்டு இணைப்பைத் துண்டிப்பதே நல்லது.

இப்போது வீட்டு விஷயம். இதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. அவர்கள் பயப்படுவது நியாயம். ஆனால் புள்ளி நகரவில்லை என்றால் உங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவர்கள் நினைக்கிறார்கள், கருவி டூல்ஸ் பெட்டியில் கிடக்கிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? உடனே ஒரு மெசேஜ் வருகிறது. அதைப் பெறவும் கருவி செயற்கைக்கோளோடு பேச வேண்டும், நீங்கள் "சரி" என்று பதில் போடவும் பேச வேண்டும். சார்ஜைத் தின்பது செய்தியின் நீளத்தைவிட, ஒவ்வொரு முறையும் தொடர்பு பிடிக்கிற வேலைதான். "சரி" என்ற ஒரு சொல்லுக்கும் 160 எழுத்துச் செய்திக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே நாலைந்து துண்டுகளாக அனுப்புவதை ஒன்றாகச் சேர்த்து அனுப்புங்கள்.

அதோடு ஒரு நேரம் பேசிவையுங்கள். அங்கே சாயங்காலம் ஆறரை மணி என்றால் ஊரில் ராத்திரி ஒன்பது. தினமும் ஆறரைக்கு வெட்டவெளியில் நின்று ஒரு செய்தி அனுப்பிவிட்டு, அங்கேயே பத்துப் பதினைந்து நிமிடம் இருந்து பதிலை வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் கிளம்பும் முன் முன்கூட்டியே எழுதிவைத்த செய்தி ஒன்று. இடையில் புள்ளி நகராவிட்டால் பயப்பட வேண்டாம் என்றும், ஒரு ராத்திரி ஒன்பது மணிச் செய்தி வராமல் மறுநாள் காலைச் செய்தியும் வராவிட்டால் கம்பெனியின் இன்ன எண்ணுக்குக் கூப்பிட வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். எப்போது பயப்பட வேண்டும் என்று தெரிந்துவிட்டால் மற்ற நேரம் நிம்மதியாக இருப்பார்கள். உங்கள் கருவிக்கும் ஓய்வு.

அணைத்தே வைத்துவிட்டு ஆபத்துக்கு மட்டும் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். முகாமில் இருக்கும்போது சரி. வண்டி ஓடும்போது கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். லாரி ஓடையில் இறங்கிப் புரண்டுவிட்டது, நீங்கள் நினைவில்லாமல் கிடக்கிறீர்கள் என்றால் ஆபத்தில் உதவி கேட்கும் எஸ்ஓஎஸ் பட்டனை அழுத்த ஆள் ஏது? அப்போது கடைசியாகப் போன புள்ளி ஒன்றுதான் தேடுகிறவர்களுக்கு வழி. இரண்டு வண்டியும் சேர்ந்து போகிறது என்று நினைக்கலாம், ஆனால் கம்ப்ரசர் வண்டி இரண்டு மணி நேரம் பின்னால் வருவதும் வழக்கம்தானே. பயணத்தில் போட்டு வையுங்கள், முப்பது நிமிட இடைவெளியில், கண்ணாடி ஓரத்தில்.

எஸ்ஓஎஸ் அழுத்தினால் அதோடு வேலை முடிவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முதல் பத்து நிமிடம் நிமிடத்துக்கு ஒரு முறை இடத்தை அனுப்பும், அப்புறம் இடைவெளியைக் கூட்டிக்கொள்ளும். உதவி மையத்திலிருந்து கேள்வி வரும்: எத்தனை பேர், என்ன காயம், வண்டி போகிற வழி உண்டா? நீங்கள் பதில் போட வேண்டும். அந்த மாதிரிக் காட்டில் உதவி வந்து சேர ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். அதுவரைக்கும் கருவி உயிரோடு இருக்க வேண்டும். ஆகவே பாதிச் சார்ஜ் உங்களுடையது அல்ல, ஆபத்துக்கு உரியது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பதுக்குக் கீழே இறங்கினால் வேறு எதற்கும் தொடாமல் சார்ஜ் போடுங்கள். செயற்கைக்கோள் சேவைக்கான சந்தா நடப்பில் இருந்தால்தான் எஸ்ஓஎஸ்ஸும் போகும் என்பதையும் கம்பெனிக்கு நினைவுபடுத்துங்கள்.

பவர் பேங்க் வாங்குங்கள், ஆனால் பெரியது வேண்டாம். உங்கள் கருவியின் பேட்டரி வெறும் 1250 எம்ஏஎச். ஒரு 10,000 எம்ஏஎச் பவர் பேங்கில் மாற்றத்தில் போகும் இழப்பைக் கழித்தாலும் ஐந்தாறு முறை முழுதாக ஏற்றலாம். சில பவர் பேங்குகள் குறைந்த மின்னோட்டம்தான் போகிறது என்று கண்டால் தாமே அணைந்துவிடும். சின்னக் கருவிகளுக்கு இது ஒரு தொல்லை, ராத்திரி மாட்டிவிட்டுக் காலையில் பார்த்தால் ஏறியிருக்காது. வாங்கும்போதே இந்தக் கருவியை மாட்டிப் பார்த்து வாங்குங்கள். விமானத்தில் பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். லாரியின் 24 வோல்ட் சாக்கெட்டில் மாட்டும் மலிவு சார்ஜர்கள் ரேடியோ இரைச்சல் கிளப்பி ஜிபிஎஸ்ஸைக் குழப்புவது உண்டு. கண்ணாடி ஓரத்தில் வைத்துக்கொண்டே ஓட்டும்போது சார்ஜ் போட்டால் புள்ளி தடுமாறுகிறதா என்று பாருங்கள். தடுமாறினால் அந்தச் சார்ஜரைத் தூக்கிப்போட வேண்டியதுதான்.

வண்டியை நிறுத்தியதும் டேஷ்போர்டிலிருந்து எடுங்கள் என்றேனே, அது வெப்பத்துக்காக. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்று நிறையப் பேர் எழுதியிருப்பார்கள். அது நிஜம், ஆனால் சூடேறினால் சக்தி திரும்ப வந்துவிடும். வெயில் கெடுத்தது திரும்ப வராது. லித்தியம்-அயான் பேட்டரி முழுச் சார்ஜோடு 40 டிகிரியில் ஒரு வருடம் கிடந்தால் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். கண்ணாடி மூடிய கேபின் மத்தியான வெயிலில் அதையெல்லாம் எளிதாகத் தாண்டும். சார்ஜ் ஏற்றுவதும் 45 டிகிரிக்குக் கீழேதான் நல்லது. வெயிலில் காய்ந்த கருவியை உடனே மாட்டாமல், நிழலில் ஆறவிட்டு மாட்டுங்கள். டைப்-சி துளையின் மூடியைத் திறக்கும் முன் போர் சகதியைத் துடைத்துவிடுங்கள், ஈரத்தோடு சார்ஜ் ஏற்றினால் உள்ளிருக்கும் தொடுமுனைகள் அரித்துவிடும்.

இவ்வளவும் செய்தபின் பேட்டரியின் நிலையை ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதித்துவிடுங்கள். முழுச் சார்ஜ் ஏற்றி, வெட்டவெளியில் குமிழ் மேலே இருக்கும்படி ஒரு துணியின் நிழலில் வைத்து, பத்து நிமிட டிராக்கிங்கில் விடுங்கள். அனுப்பாத செய்தி எதுவும் நிற்கக் கூடாது, போன் இணைப்பு கூடாது, பதிவு சாதாரணத்தில் இருக்கட்டும். மறுநாள் அதே நேரத்துக்குச் சதவீதத்தைப் பாருங்கள். ஏழிலிருந்து பன்னிரண்டு வரை இறங்கியிருந்தால் பேட்டரி நன்றாக இருக்கிறது. இருபத்தைந்துக்கு மேல் என்றால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது, கம்பெனியிடம் மாற்றுக் கருவி கேளுங்கள். தார் எஸ் சலாமில் ஏதாவது மொபைல் கடையில் கொடுத்துப் பிரித்துப் பேட்டரி மாற்ற வேண்டாம். தண்ணீர் புகாமல் ஒட்டி மூடிய கருவி அது. ஒரு முறை பிரித்துவிட்டால் அந்தக் காப்பு போய்விடும், அடுத்த மழையில் வேலையைக் காட்டும். இடைப்பட்ட எண் வந்தால் சோதனையை இன்னொரு முறை செய்து, இரண்டு எண்களையும் கருவியில் இருக்கும் மென்பொருள் பதிப்பையும் எனக்கு எழுதுங்கள்.

லீவுக்குக் கிளம்பும்போது கருவியை உங்கள் இடத்துக்கு வருகிற டிரில்லரிடம் ஒப்படைத்துவிடுங்கள். யாரும் எடுக்கவில்லை என்றால் பாதிச் சார்ஜில் முழுதாக அணைத்து, கொட்டகையில் விடாமல், கம்பெனி ஆபீசில் வெயில் படாத அலமாரியில் வையுங்கள். இடையில் சந்தாவை நிறுத்தியிருந்தால் திரும்பிப் போனதும் அதை உயிர்ப்பித்து, காட்டுக்குள் கிளம்பும் முன் ஆபீஸ் வாசலில் நின்றே வீட்டுக்கு ஒரு சோதனைச் செய்தி அனுப்பி, பதில் வந்ததைப் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.